வெட்டுக்கிளி நாவல் சொல்வது நம் வரலாறா?

அல்சூர் வாசகி:
ஞாயிறு கப்பன் பார்க் வாசிப்புக்கு ஃபிலிப் கே. டிக்கின் நாவல் ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ (1962). அதற்குள்ளே வரும் ‘தி கிராஸ்ஹாப்பர் லைஸ் ஹெவி’ (வெட்டுக்கிளி) என்ற கற்பனை நாவலில் இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகள் ஜெயிக்கின்றன. அப்போ அது நம் உலகம்தானே? சிலர் அது நாவல் இல்லை, ஃபிலிம் சுருள் என்கிறார்களே?

சிவாஜிநகர் பிரதி:
இல்லைங்க, எல்லாரும் சறுக்குற இடம் இது. மூன்று வரலாறுகளையும் தாளில் தனித்தனியா எழுதிக்குங்க. பிரியும் புள்ளி 1933 மயாமி, அமெரிக்காவின் ரூஸ்வெல்ட் மீது சங்காரா என்பவர் சுட்டது. நம் உலகில் ரூஸ்வெல்ட் தப்பி, 1945 வரை அதிபர். டிக்கின் கதையுலகில் செத்துப்போகிறார். ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயிக்கின்றன. வெட்டுக்கிளியில் தப்புகிறார், ஆனால் 1940-க்குப் பின் அதிபர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல். பேர்ல் ஹார்பரிலிருந்து கப்பற்படையை அவர் முன்பே நகர்த்திவிடுகிறார். போருக்குப் பின் மோதுவது அமெரிக்காவும் பிரிட்டனும், ரஷ்யா அல்ல. நம் வரலாறு எங்கே, இது எங்கே!

ஃபிலிம் சுருள் 2015-ல் வந்த திரைத்தொடரின் மாற்றம். அதை வைத்து நாவலைப் பேசினால் குழப்பம்தான்.

ஜெயநகர் ஏணி:
வெட்டுக்கிளி தலைப்பு வந்தது பைபிளிலிருந்து, பிரசங்கி 12:5. கதைக்குள் அந்த நாவலை எழுதும் அபெண்ட்சென், ஐ சிங் என்ற சீனக் குறி நூலைக் கேட்டுக் கேட்டே எழுதியவர். கூட்டத்தில் செய்து காட்டலாம்: மூன்று ரூபாய் நாணயம், ஆறு வீச்சு. தலை 3, பூ 2. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு: கூட்டுத்தொகை 7, 9 வந்தால் முழுக்கோடு, 6, 8 வந்தால் உடைந்த கோடு. ஆறு கோடும் சேர்ந்த வடிவத்துக்கு நூலில் ஒரு எண் உண்டு. கீழிருந்து மேலே வரையணும். தலைகீழா வரைந்தால் பெரும்பாலும் வேறு எண் வந்துடும். கடைசி அத்தியாயத்தில் வருவது 61, ‘உள் உண்மை’. அதைப் படிச்சுட்டு ‘வெட்டுக்கிளிதான் நிஜம்’னு முடிச்சுடாதீங்க, மேலே உள்ள பட்டியல் இடிக்கும்.