உயரப்பழகல், தாய்வாடி, புதைமுளை: மலையேற்றச் சொற்கள் சில

வணக்கம்.

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூட இதழுக்கு எவரெஸ்ட் ஏற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இலங்கையிலிருந்து அந்த உச்சியை முதலில் தொட்டவர் ஜெயந்தி குரு உதும்பால, 2016இல். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் சொல் தடுக்கிறது.

உயரத்தின் மெல்லிய காற்றுக்கு மலையேறுபவரின் உடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவதை (acclimatization) கோவை அண்ணா இங்கே முன்பு ‘உயரத் தகவமைப்பு’ என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் தகவமைப்பும் எங்கள் பாடநூலில் இசைவாக்கமும் தலைமுறை தலைமுறையாக உயிரினத்தில் படிந்த மாற்றத்தைக் குறிப்பவை. திபெத்தியரின் மரபணுவில் இருப்பது அதுதான். மலையேறுபவரின் உடலில் நடப்பது வேறு. எவரெஸ்டின் நேபாளப் பக்கத்து அடிவார முகாம் 5,364 மீற்றரில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு 21 வீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. ஒட்சிசன் போதாமல் முதலில் மூச்சு வேகமாகும். அதனால் குருதியில் காரத்தன்மை கூடும், அதைச் சிறுநீரகம் சில நாட்களில் சரிக்கட்டும். செங்குருதிக் கலங்கள் பெருக வாரக்கணக்காகும். கீழே இறங்கிச் சில வாரம் இருந்தால் பெற்றதெல்லாம் போய்விடும். வந்து போவதைத் தகவமைப்பு என்று எப்படிச் சொல்வது?

நான் முன்வைப்பது ‘உயரப்பழகல்’. அம்மா மிளகாய் நாற்றுமேடையில் செய்வதைப் பார்த்துத்தான் இந்தச் சொல் வந்தது. நடுகைக்கு முந்திய நாட்களில் கிடுகைக் கொஞ்ச நேரம் விலக்கி வெயில் காட்டுவா, திரும்ப மூடுவா. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட. “நாற்றை வெயிலுக்குப் பழக்கிறன்” என்பா. மலையிலும் இதே முறைதான்: பகலில் மேலே ஏறிப்போய், இரவில் கீழே வந்து படுப்பது. 3,000 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

‘உயரப் பழகல்’ என்று பிரித்தால் உயர்வதற்குப் பழகுவது என்றாகாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மரம், பலகை சேர்ந்து மரப்பலகை ஆவதுபோல இதையும் சேர்த்தே எழுதுவோம். வினையாக வரும்போது ‘உயரம் பழகினாள்’, ‘உயரம் பழகாதவர்’ என்று இயல்பாக வரும். தகவமைப்பில் இந்த வசதி இல்லை.

அடுத்தது முகாம். மேலே நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. வன்னியில் முகாம் என்றால் 2009இல் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் இருந்த நாட்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். விரும்பிப் போய்த் தங்கும் இடத்துக்கு அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன் வைக்க எனக்கு மனமில்லை. முல்லைத்தீவுக் கரையில் மீனவர் பருவத்துக்குப் போட்டு, பருவம் முடியக் கழற்றிக்கொண்டு போகும் வாடி இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன? ஆட்களும் சமையலும் சாமானும் சேர்ந்திருக்கும் அடிவார முகாம் (base camp) தாய்வாடி. அதற்கு மேலே முதலாம் வாடி, இரண்டாம் வாடி. தமிழ்நாட்டவருக்கு வாடிவாசல் நினைவு வரலாம், அதுவும் அடைத்த இடம் என்ற பொருளில் தூரமில்லை. அடிவார முகாமுக்கு ‘அடித்தளம்’ என்ற சொல் மட்டும் வேண்டாம். எவரெஸ்டின் நேபாளப் பக்கத்துத் தாய்வாடி நிற்பது கும்பு பனியாற்றின் மேல். பனி நகர்ந்தும் உருகியும் கொண்டிருப்பதால் கூடாரத்துக்குக் கல் அடுக்கிய மேடையை இடையிடையே திருத்த வேண்டியிருக்கும். அங்கே ஏது அடித்தளம்?

கூடாரம் கட்டுவதில் இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. இளம்பனியில் சாதாரண முளை நிற்காது, காற்று பிடுங்கிவிடும். பனியை மிதித்து இறுக்கி, ஒரு பையில் பனியை அடைத்துக் கயிற்றைக் கட்டி, இழுவைக்குக் குறுக்காகப் புதைத்து மூடுவார்கள். சற்று நேரத்தில் அது இறுகிவிடும். இதற்குப் ‘புதைமுளை’ என்று எழுதியிருக்கிறேன். மாடு கட்டும் முளை தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். 8,000 மீற்றருக்கு மேல் எத்தனை நாள் இருந்தாலும் உடல் பழகாது, தேய்ந்துகொண்டே போகும். ‘மரண வலயம்’ என்று பலரும் எழுதுகிறோம். அது பயத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. உயரப்பழகலை ஏற்றுக்கொண்டால் இதைப் ‘பழகா உயரம்’ என்று வைக்கலாமா? கோவை அண்ணாவும் மற்றவர்களும் சொல்லுங்கள். இதழ் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.