புதுப்பிப்பு: நியூஸ்பேப்பர் வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் போறேன்னு சொன்னேனே, அதோட நிலவரம்

எடிட்டிங், டிசைன், எழுத்து மூணையும் ஒரே ஆளா பண்ணலாமான்னு கேட்டிருந்தேன், பாதி பேர் ஏதாவது ஒண்ணைப் பிடின்னு சொன்னீங்க. மூணும் ஓடுது, ஆனா சோறு போடறது எடிட்டிங்தான்.

"சும்மா ப்ரூஃப் (எழுத்துப்பிழை) மட்டும் பாத்தா போதும்"னு வர்ற புத்தக ஃபைலை தொறந்தா பாதிக்கு மேல திருப்பி எழுத வேண்டியதா இருக்கு, அதனால ரேட் பேசறதுக்கு முன்னாடியே நடுவுலேர்ந்து ரெண்டு பக்கம் வாங்கி ட்ராக் சேஞ்சஸ் (எதைத் திருத்தினோம்னு காட்டற வசதி) போட்டு அனுப்பிடறேன். முதல் அத்தியாயம் வேண்டாம், அதை எல்லாரும் நல்லாதான் எழுதறாங்க, நடுவுலதான் சாயம் வெளுக்கும்.

டிசைன்ல பெரிய தலைவலி பாமினி (பழைய தமிழ் ஃபான்ட்) ஃபைல்தான். இப்ப எல்லா இடத்துலயும் ஓடற யூனிகோடு எழுத்துக்கு மாத்தினா நடுவுல இருக்கற இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தமிழ் எழுத்தா மாறி உளறும், ஒவ்வொண்ணா கண்ணால பாத்துதான் திருத்தணும். இன்டிசைன்ல (பக்கம் வடிவமைக்கற சாஃப்ட்வேர்) கொம்பு தனியா பிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கேட்டவருக்கு: பாராகிராஃப் மெனுல வேர்ல்ட்-ரெடி கம்போஸரை (தமிழ் மாதிரி எழுத்தை சரியா கோக்கற செட்டிங்) போடுங்க, சரியாயிடும். அப்புறம் அச்சுக்குப் போற போட்டோவை வாட்ஸப்ல டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, சாதாரணமா அனுப்பினா சுருங்கிடும், அச்சுக்கு 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) வேணும்.

பேப்பர்ல முக்கியமானது மேலயே வந்துடும், அதனால செய்தியை அடியிலேர்ந்து வெட்டுவோம். இங்க புத்தகத்துல முன்னுரையை மேலேர்ந்து வெட்ட வேண்டியிருக்கு (நன்றி சொல்றதே ரெண்டு பக்கம் ஓடுது சாமி).

ரேட் கேட்டவங்களுக்கு, பக்கக் கணக்குல பேசாதீங்க, வார்த்தைக் கணக்குல பேசுங்க. ஃபான்ட் சைஸை குறைச்சு அனுப்பற ஆளுங்களும் இருக்காங்க.