கொர்வெட்டா, கூர்வெட்டா, கரைக்கலமா? பின்லாந்துப் போர்க்கப்பலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

மதுரை, திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

பின்லாந்து தன் கடற்படையைப் புதுப்பிப்பது பற்றிய ஒரு கட்டுரையை வெள்ளிக்கிழமை காலைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற மாத இதழ். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தோரு இடத்தில் வருகிற ஒரே ஒரு சொல்தான் வழிமறித்துக்கொண்டு நிற்கிறது: கொர்வெட்.

செய்தி இதுதான். பின்லாந்து நான்கு புதிய போர்க்கப்பல்கள் கட்டுகிறது. ஒப்பந்தம் 2019 செப்டம்பரில். வேலை நடப்பது மேற்குக் கரையில் ரவுமா என்ற சிறிய ஊரில். போர்க்கருவி அமைப்பு சுவீடனின் சாப் நிறுவனத்துடையது. முதல் கப்பலான பொஹ்யன்மா 2025 மே மாதம் தண்ணீரில் இறங்கியது. ஏவுகணைப் படகுகள் நான்கு, கடலில் கண்ணிவெடி போடும் கப்பல்கள் மூன்று என்று ஏழு பழைய கலங்களின் வேலையை இந்த நான்கும் பார்க்க வேண்டும்.

கையில் உள்ள அகராதிகள் கொர்வெட் என்றால் 'சிறு போர்க்கப்பல்' என்கின்றன. இவையோ நூறு மீட்டருக்கு மேல் நீளம், எடை சுமார் 4,000 டன். இவற்றுக்கு முன்னிருந்த ரவுமா வகைப் படகு ஐம்பது மீட்டர்கூட இல்லை, 250 டன்னும் இல்லை. ஒரு பத்தியில் 'சிறு' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் இந்த எண்களைப் போட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்னைச் சும்மா விடாது. 'கடலோரக் காவல் கப்பல்' என்றும் எழுதிப் பார்த்தேன். நம்மிடம் கடலோரக் காவல் படை தனியாக இருப்பதால் அவர்களுடைய ரோந்துக் கப்பல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நான் நினைத்தது 'கரைப்போர்க்கலம்'. கரையை ஒட்டிப் போரிடும் கலம். சரியா என்று சொல்லுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அம்மா, கரைப்போர்க்கலம் வேண்டாம். கரைப்போர் என்றால் கரைக்கிறவர்கள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு உங்கள் சொல் அப்படித்தான் விழும். போர் என்ற பெயர்ச்சொல் அங்கே எழவே எழாது.

மூலச்சொல்லைப் பார்ப்போம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் கூடையைக் குறிக்கும் கார்பிஸ் என்ற இலத்தீன் சொல்லைக் காட்டுபவர்கள் உண்டு. உரோமர்களின் சரக்குக் கப்பலுக்கு கார்பிடா என்று பெயர். கூடை வயிற்றுக் கப்பலின் பெயர் போர்க்கப்பலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே பொருளை மொழிபெயர்த்துப் பயனில்லை. ஒலியும் பொருளும் சேர்ந்து வரும்படி 'கூர்வெட்டு' என்று வைப்போம். உறைபனிக் கடலைக் கூராக வெட்டிக்கொண்டு போகும் கப்பல். கூர்மையான வெட்டு என்று விரித்தால் பண்புத்தொகை. கூர்தல் என்ற வினையடியாகக் கொண்டால் கூர்ந்த, கூர்கின்ற, கூரும் வெட்டு என்று வினைத்தொகையும் ஆகும். இரண்டு வகையிலும் இலக்கணம் இடம் தருகிறது.

நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி என்று கலத்துக்கு இத்தனை பெயர் வைத்திருந்த மொழி இது. ஒன்றையாவது எழுப்பி நிறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூர்வெட்டு பிடிக்காவிட்டால் 'கரைநாவாய்' என்றாவது எழுதுங்கள்.

தூத்துக்குடி, செவ்வாய் மாலை

ஐயா, நான் பதினைந்து ஆண்டு கடற்படையில் இருந்தவன். கூர்வெட்டு என்றால் கருவி நினைவுதான் வருகிறது, கப்பல் வரவில்லை. தச்சுப் பட்டறையில் கேட்கிற சொல் மாதிரி இருக்கிறது.

அளவை வைத்து இந்தப் பெயரைப் பிடிக்க முடியாது. பாய்மரக் காலத்தில் பிரிகேட் என்ற போர்க்கப்பலுக்கு ஒரு படி கீழே, பீரங்கிகளை ஒரே தளத்தில் வைத்திருந்த கப்பல் கொர்வெட். அப்புறம் பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல்களுக்குத் துணை போக பிரிட்டன் கட்டிய சின்னக் கப்பல்களுக்கு அதைத் தூசி தட்டி வைத்தார்கள். சுவீடனின் விஸ்பி வகையும் கொர்வெட்தான், ஆனால் 73 மீட்டர், 640 டன். பின்லாந்தினுடையது அதைப்போல ஆறு மடங்கு. எந்த நாட்டுக்கு எது வசதியோ அந்தப் பெயர், அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலேயே பாருங்கள். தோணி என்றால் பாடப்புத்தகத்தில் சின்னப் படகு. இங்கே தோணி என்றால் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பெரிய கலம். அதை வைத்துப் பிழைக்கிறவனிடம் போய் 'தோணி சிறியது' என்று சொல்ல முடியுமா?

கலம் என்றால் எங்கள் வீட்டில் நெல் அளக்கிற கலம். கப்பல் என்றே இருக்கட்டும்.

துர்க்கு, பின்லாந்து, செவ்வாய் நள்ளிரவு

வணக்கம். பல ஆண்டாக இங்கே பொறியாளராக வேலை பார்க்கிறேன். ரவுமா எங்களுக்கு வடக்கே ஒன்றரை மணிநேரத் தூரம்.

பின்லாந்துக்காரர்கள் இந்தக் கப்பலை என்னவென்று சொல்கிறார்கள் தெரியுமா? மொனிதொய்மிகொர்வெத்தி. மொனி என்றால் பல, தொய்மி என்றால் பணி. பல்பணிக் கொர்வெட். இவர்கள் சொல்லாக்கத்தில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. தொலைபேசிக்குப் பேசு என்ற வினையிலிருந்து புஹெலின் என்று செய்தார்கள். கணினிக்கு அறிவுப்பொறி என்ற பொருளில் தியெத்தோகொனெ. ஏவுகணைக்கு வழிநடத்து என்ற வினையிலிருந்து ஒஹ்யுஸ். நீர்மூழ்கி இவர்களுக்கும் மூழ்குபடகுதான். அப்படிப்பட்டவர்களே கொர்வெட்டை மட்டும் அயற்சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். எடுத்தபோது தங்கள் மொழி கேட்கிறபடி ஒற்றை இரட்டித்து, கடைசியில் ஓர் உயிரைச் சேர்த்தார்கள்: கொர்வெத்தி. நாமும் பஸ்ஸு, கோர்ட்டு என்று அதைத்தானே செய்கிறோம்? பார்வை, தீர்வு எல்லாம் இருப்பதால் ரகர ஒற்றை அடுத்து வகரம் வருவதிலும் தடையில்லை. குறிலை அடுத்து ரகர ஒற்று வராது என்பார் தொல்காப்பியர். ஆனால் கர்வம், தர்மம் என்று எழுதுகிற நாம் 'கொர்வெட்டு' என்றும் எழுதலாம்.

அதே சமயம் அம்மா கரையைப் பிடித்தது மிகச் சரி. துர்க்குவிலிருந்து படகில் ஒரு மணிநேரம் போய்ப் பார்த்தால்தான் அது தெரியும். இரண்டு பக்கமும் செம்பாறை, அதன் இடுக்கில் பைன் மரம், நடுவில் குறுகலான தண்ணீர்ப் பாதை. ஒரு திட்டைச் சுற்றினால் அடுத்த திட்டு. இப்படி ஆயிரக்கணக்கில். பால்டிக் கடலின் சராசரி ஆழமே 55 மீட்டர் அளவுதான். உப்புக் குறைவு, அதனால் சீக்கிரம் உறையும். நாட்டின் வெளிவணிகம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வந்துபோக வேண்டும். அதனால்தான் வருடம் முழுக்க, பனிக்கட்டியிலும் ஓடுகிற கப்பல் கேட்டார்கள். அதனால்தான் புதிய கப்பல்களிலும் கண்ணிவெடி போடும் வசதி வேண்டும் என்றார்கள். பின்புறத் தண்டவாளத்தில் கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டித் தண்ணீரில் தள்ளுவது இந்தக் கடற்படையின் பரம்பரை வேலை.

முன்பு ஏன் அத்தனை சின்னப் படகுகள் என்றால், 1947 பாரிஸ் உடன்படிக்கை பின்லாந்துக் கடற்படையின் மொத்த எடையை 10,000 டன்னுக்குள் அடக்கிவைத்தது. நீர்மூழ்கி வைத்திருக்கவே கூடாது. 1990இல்தான் அந்தக் கட்டுப்பாடுகள் இனிச் செல்லாது என்று பின்லாந்து அறிவித்தது. இந்த நான்கு கப்பல்களும் சேர்ந்தாலே பழைய வரம்பைத் தாண்டிவிடும். கட்டுரையில் இது இல்லையென்றால் ஓர் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

யாழ்ப்பாணம், புதன் காலை

வணக்கம். எங்கட பக்கத்தில் இந்தச் சொல்லாக்கத்தைச் சனம் தானாகவே செய்து முடித்துவிட்டது. இஸ்ரேலில் கட்டிய டுவோரா வகைப் படகு எங்களுக்கு 'டோரா'. பத்திரிகையில் 'அதிவேகத் தாக்குதல் படகு' என்றும் வரும். ஆனால் கரையில் நின்ற ஆட்கள் தூரத்தில் கண்டவுடன் சொன்னது டோரா என்றுதான். சின்னப் பிள்ளைக்கும் அதன் சத்தம் தெரியும். எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை. பயம் வந்தால் சொல் கெதியாக வந்துவிடும். அதனால் கொர்வெட்டு என்பதற்கு என் ஆதரவு. பேராசிரியர் ஐயா கோபிக்கக் கூடாது.

தஞ்சாவூர், புதன் நண்பகல்

கோபம் இல்லை. வருத்தம் உண்டு. கண்ணி என்பது பறவை பிடிக்கிறவன் வைத்த சுருக்கு. அதிலிருந்து கண்ணிவெடி வந்தது, இன்று எல்லார் வாயிலும் இருக்கிறது. நீர்மூழ்கியும் அப்படித்தான். முதல் நாள் இவையும் அந்நியமாகத்தான் ஒலித்திருக்கும். முயல்வதற்கு முன்பே தோற்றுவிட்டோம் என்று நாமே சொல்லிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

துர்க்குத் தம்பிக்கு ஒரு கேள்வி. பொஹ்யன்மா என்ற பெயரின் பொருள் என்ன?

துர்க்கு, புதன் மாலை

ஐயா, அது இங்குள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். பொஹ்யா என்றால் அடி, வடக்கு இரண்டும். மா என்றால் நிலம்.

தஞ்சாவூர், புதன் இரவு

பார்த்தீர்களா! கீழ் என்பதிலிருந்து நமக்குக் கிழக்கு வந்தது, மேல் என்பதிலிருந்து மேற்கு. அவர்களுக்கு அடி என்பதிலிருந்து வடக்கு. நில அமைப்பைப் பார்த்துத் திசைக்குப் பெயர் வைக்கும் மனம் இரு மொழிக்கும் பொது. மா நமக்கும் நிலம்தான், ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு. இதைத் தனி இழையாக எடுத்து ஆராய வேண்டும்.

துர்க்கு, புதன் இரவு

தனி இழை கட்டாயம் வேண்டும் ஐயா. ஆனால் மா விஷயம் தற்செயல் என்றே நினைக்கிறேன். இரண்டெழுத்துச் சொல் எந்த மொழியிலும் எதனோடும் ஒத்துப்போகும்.

தூத்துக்குடி, வியாழன் காலை

கரை என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு தடை இருக்கிறது. பழைய பொஹ்யன்மா என்று கண்ணிவெடி போடும் கப்பல் ஒன்று இருந்தது. 2011இல் அது சோமாலியா பக்கம் வந்து கடற்கொள்ளையர்களைப் பிடித்தது. பின்லாந்தின் கரை எங்கே, இந்தியப் பெருங்கடல் எங்கே? புதியவை அதைவிடப் பெரியவை, இன்னும் தூரம் போகும். 2023இல் நேட்டோவிலும் சேர்ந்துவிட்டார்கள். பெயரில் கரையைக் கட்டிவிட்டால் நாளைக்கு என்ன செய்வது?

மதுரை, வியாழன் இரவு

நாளைக் காலை கொடுக்க வேண்டியதால் இன்று முடிவெடுத்தேன்.

சோமாலியா பற்றி அண்ணன் சொன்னது நியாயம். ஆனாலும் கரையை விட மனமில்லை. கடலோடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்ற குறள் இடனறிதல் அதிகாரத்தில்தான் இருக்கிறது. இந்தக் கப்பலை வடிவமைத்ததே இடம்தான்: ஆழமில்லாத கடல், உறைகிற தண்ணீர், திட்டுகள். அவ்வப்போது தூரம் போனாலும் எந்தத் தண்ணீருக்காகக் கட்டினார்களோ அது பெயரில் தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கப்பல் புரியும்.

கட்டுரையில் முதல் முறை 'கொர்வெட்டு எனப்படும் கரையோரப் போர்க்கப்பல்' என்று எழுதுகிறேன். மீதி முப்பது இடத்திலும் கரையோரப் போர்க்கப்பல். நீளம்தான், ஆனால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். கொர்வெட்டு இரண்டு வாக்கு, கூர்வெட்டு ஒன்று, வெறும் கப்பல் ஒன்று. எனக்கு முழு நிறைவு இல்லை. 1947 செய்தியை அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன் தம்பி, நன்றி.

தஞ்சாவூர், வெள்ளி விடியற்காலை

அம்மா, கட்டுரைக்கு வாழ்த்துகள். என் எழுத்தில் கூர்வெட்டு என்றே வரும்.

துர்க்கு, வெள்ளி காலை

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இந்தத் திட்டத்துக்கு இங்கே லைவுவே 2020 என்று பெயர். லைவா என்றால் கப்பல், அதோடு ஒரு விகுதி சேர்த்தால் கப்பல்களின் கூட்டம், லைவுவே. தலைப்பில் அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? கலவணியா, கப்பலணியா?