குளிர்காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால்: சுரங்கத்தின் மேல்தளத்தில் எங்கே மாட்டுகிறோம்?

ஷிப்ட் ஃபோர்மேன்:
அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களை வைத்தே பேசுவோம். மேல்தள வசதிகளுக்கு, அதாவது நிலத்துக்கு மேலே இருப்பவற்றுக்கு, எம்ஷாவின் (அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு அமைப்பு) 30 சி.எஃப்.ஆர். என்ற விதித்தொகுப்பில் பகுதி 77தான் பொருந்தும். குளிர்கால ஆய்வு என்றதும் எல்லோருக்கும் நடைபாதைப் பனிதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதில் 77.205ஆம் விதி கேட்பது இவ்வளவுதான்: வழக்கமாக ஆள் நடக்கும் வழியில் இயன்ற விரைவில் பனியை அகற்று, அல்லது மணலோ உப்போ தூவு. விடியற்காலையில் கொட்டிய பனி காலை ஷிப்டிலும் கிடக்கிறது என்பதாலேயே நோட்டீஸ் எழுதிவிட மாட்டார்கள். யார் தள்ளுகிறார், எந்த வழியை முதலில் திறந்தீர்கள், ஷிப்ட் பரிசோதனைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்பார்கள். பல நாள் மிதிபட்டு இறுகிப்போன ஐஸுக்கு மட்டும் எந்தச் சாக்கும் எடுபடாது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மந்தமாகிவிடும், கால்சியம் குளோரைடு வேண்டும். கம்பித்தட்டுப் படிகளில் தூவிய மணல் கீழே கொட்டிப்போகும். அங்கே சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

என் கணிப்பில், குளிரைவிடக் குளிரைச் சமாளிக்க நாம் செய்யும் ஏற்பாடுகளே அதிகம் மாட்டிவிடுகின்றன.

ஆலைப் பராமரிப்பு:
அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முதல் உதாரணம் தூசி. மற்ற மாதங்களில் ஹோஸ் போட்டுக் கழுவும் டிரான்ஸ்பர் ஹவுஸை (ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு நிலக்கரி மாறும் கட்டடம்), தண்ணீர் உறைந்துவிடும் என்று டிசம்பரில் கழுவாமல் விடுகிறோம். காற்றோ வறண்டு கிடக்கிறது, உள்ளே ஹீட்டர் வேறு ஓடுகிறது. உத்திரம், கேபிள் தட்டு, மோட்டாரின் முதுகு எல்லாவற்றிலும் காய்ந்த நிலக்கரித் தூசி படிந்துவிடுகிறது. ஆபத்தான அளவில் தூசி சேர விடக்கூடாது என்கிறது 77.202. ஆய்வாளர் தரையைப் பார்ப்பதற்கு முன் டார்ச்சை மேலே அடிப்பார். கம்ப்ரஸ்டு ஏர் அடித்துச் சுத்தம் செய்வது கூடவே கூடாது. படிந்திருந்த தூசி மேகமாகக் கிளம்பும், வெடிப்புக்கு வேண்டியதே அதுதான். எரியும் தூசிக்கென உள்ள வாக்குவம் வைத்து மேலிருந்து கீழாக எடுங்கள்.

இரண்டாவது, கார்டு, அதாவது ஓடும் பாகங்களை மறைக்கும் காப்புத் தடுப்பு. நிலக்கரி பெல்ட்டின் வால்முனை உருளையான டெயில் புல்லியில் ஐஸ் ஏறினால் பெல்ட் ஒரு பக்கம் ஓடும். அதைக் கம்பியால் குத்திவிட கார்டைக் கழற்றுவார்கள், வேலை முடிந்த பிறகும் அது சுவரில் சாய்ந்தே நிற்கும். இயந்திரம் ஓடும்போது கார்டு இடத்தில் இருக்க வேண்டும் (77.400). பழுது பார்க்க மின்சாரத்தை நிறுத்துவதோடு, அசையாதபடி கட்டையும் கொடுக்க வேண்டும் (77.404). இந்தக் கட்டையைத்தான் பலர் மறக்கிறார்கள். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டேக்-அப் எடை தொங்கிக்கொண்டிருக்கும் வரை பெல்ட்டில் இழுவிசை இருக்கிறது. மின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்ட பிறகும், ஐஸ் விடுபட்ட நொடியில் பெல்ட் நகரலாம்.

பெல்ட் ஓரமாக ஓடும் அவசர நிறுத்தக் கயிறு இன்னொரு இடம். வளையங்களில் ஐஸ் பிடித்தால், இழுத்தாலும் சுவிட்ச் விழாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவில், தூரத்தில் இழுங்கள். ஆய்வாளரும் அங்கேதான் இழுக்கச் சொல்வார்.

சைலோ, டனல் வேலை:
குளிர்காற்று வரக்கூடாதென்று சைலோ (நிலக்கரி சேமிக்கும் உயரமான கொள்கலன்) உச்சியின் காற்றுவழியைத் தார்ப்பாயால் மூடுவதை என்னவென்று சொல்வது! புதிதாக வெட்டிய நிலக்கரி சைலோவிலும் மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றைவிட இலேசான வாயு, மேலே போய்த் தேங்கும். கட்டடத்துக்குள் மீத்தேன் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். வேலை நடக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையாவது, வெல்டிங்குக்குச் சற்று முன்பும், தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். டிடெக்டரை வாசலில் காட்டிவிட்டுத் திரும்புவது சோதனை ஆகாது, கூரைக்கு அருகே எட்டிப் பிடிக்க வேண்டும். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரையும் மெதுவாகும். கருவியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஓடும் டனல் ஒரு முனையில் மூடியிருந்தால், அந்த முனையிலிருந்து வெளியேறக் குறைந்தது 30 அங்குல விட்டமுள்ள வழி வேண்டும். அது 30 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு நீளம் முழுக்க ஏணி வேண்டும் (77.213). வழி எப்போதும் இருக்கத்தான் செய்கிறது, ஜனவரியில் அதன் மூடிதான் திறக்காது. மேலே டோசர் தள்ளிய பனி, கீலில் ஐஸ். உள்ளிருந்து ஒருவர் தள்ளித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், வெளியே நின்று இழுத்துப் பார்த்தால் போதாது.

குவியலின் மேல்தோல் உறைந்து பாலம் போல நிற்கும், அடியில் ஃபீடர் (நிலக்கரியைக் கீழே இழுக்கும் இயந்திரம்) இழுத்த இடம் வெறும் குழி. இப்படி நிலக்கரியை இழுத்தெடுக்கும் ரீக்ளெய்ம் பகுதிக்கு மேலே ஆள் நடக்கக்கூடாது (77.209) என்பது எந்தப் பருவத்துக்கும் பொருந்தும். குளிரில் அந்தக் குழி கண்ணுக்கே தெரியாது.

எலக்ட்ரீஷியன்:
நம் பக்கம் இரண்டே விஷயம். உறையாமலிருக்கக் குழாய்களைச் சுற்றிய ஹீட் டேப் (சூடாகும் மின் நாடா), எக்ஸ்டென்ஷன் வயரில் தொங்கும் ஹீட்டர் இவையும் மின்சாதனங்கள்தான். அவசரத்துக்கு மாட்டியவை மாதாந்திர மின் பரிசோதனைப் பட்டியலில் சேராமல் போய்விடும். அடுத்து தீயணைப்புக் குழாய். வெடிக்கக்கூடாதென்று வடித்துவிட்டு வால்வை மூடுகிறார்கள், எந்த வால்வு என்று யாருக்கும் தெரியாது. விதி கேட்பது நிமிடத்துக்கு 50 கேலன், முனையில் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம். வறண்ட குழாயாக வைத்தால், திறக்கும் வால்வில் அடையாளத் தகடு தொங்கட்டும், அங்கே போகும் வழியில் பனியும் இருக்கக்கூடாது.

புதிய உறுப்பினர்:
இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு வந்ததும் ஆலைக்கு ரேடியோவில் சொன்னால் சரி செய்ய நேரம் கிடைக்குமே?

ஷிப்ட் ஃபோர்மேன்:
வேண்டாம் தம்பி. முன்னறிவிப்பு கொடுப்பது 1977ஆம் ஆண்டின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், 6 மாதம் வரை சிறைகூட உண்டு. அந்த நேரத்தில் பதிவேட்டை எடுத்து வை, நிர்வாகத்தின் ஆளையும் தொழிலாளர் பிரதிநிதியையும் கூட அனுப்பு. இருவருக்கும் உடன் செல்லும் உரிமை உண்டு.

லாரி ரோட்டுக் கரையையும் (வண்டி விழாமல் ரோட்டோரம் எழுப்பும் மேடு) சொல்லிவிடுகிறேன். பனி மிதிபட்டு ரோடு உயர உயர, கரையின் பயனுள்ள உயரம் குறைகிறது. வண்டி அச்சின் நடு உயரம் வரை வரவேண்டிய கரை முழங்காலுக்கு வந்துவிடும். ஒதுக்கிய பனியைக் கரையாகக் கணக்குக் காட்ட முடியாது, டயர் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் அதில் போட்டிருக்கும் கெடுவைப் பாருங்கள். கான்கிரீட், பெயின்ட் போன்ற வேலை குளிரில் முடியாதென்றால், கெடு முடிவதற்குள் காரணத்தோடும் இடைக்கால ஏற்பாட்டோடும் நீட்டிப்புக் கேளுங்கள். கெடு தாண்டியும் சரி செய்யாமல் கிடந்தால் அதே சட்டத்தின் 104(பி) பிரிவுப்படி உத்தரவு வரும், அந்தப் பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்ற வேண்டியிருக்கும்.