வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து குளத்து நீரை அளக்கிறோம், எண்கள் ஒத்துவரவில்லை. என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பு மிஸ்:

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு கடல் கடந்த ஒரு பள்ளியோடு கூட்டு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினோம். இரண்டு பள்ளிக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு குளம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் தண்ணீரின் வெப்பநிலை, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்), கரைந்த ஆக்சிஜன், கலங்கல் நான்கையும் அளந்து இரு பக்கமும் ஒரே அட்டவணையில் பதிவது என்று பேச்சு. என் பிள்ளைகள் புத்தகத்தில் மட்டும் பார்த்த ஆக்சிஜன் சோதனையைத் தங்கள் கையால் செய்தார்கள். சொட்டு விட்டதும் குப்பிக்குள் பழுப்பு நிறம் படிந்ததைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு வாரம் ஆயிற்று. எங்கள் பிஎச் 7.0, 7.1, 7.2 என்றே வருகிறது. அவர்களுக்கு 8.6, 8.8. ஆக்சிஜன் எங்களுக்கு லிட்டருக்கு 4 மி.கி. சுமார், அவர்களுக்கு 11. போன வாரக் காணொளிச் சந்திப்பில் அந்தப் பக்கத்து ஆசிரியர், பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே, "உங்கள் கிட் பழசாக இருக்கும், இல்லாவிட்டால் மாணவர்கள் கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் என் வகுப்பே வாடிப்போனது.

சந்திப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, "மிஸ், நம்ம நம்பரைக் கொஞ்சம் மாத்திடலாமா? அவங்க நம்பர் பக்கத்துல வர்ற மாதிரி?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் மனதை அரிக்கிறது. இந்தக் கூட்டு அவளுக்குக் கற்றுத்தந்தது இதுதானா?

எங்கள் அளவு தவறா? எப்படிச் சரிபார்ப்பது? கூட்டைத் தொடரலாமா?

தண்ணீர் ஆய்வகம்:

டீச்சர், கூட்டை விடாதீர்கள். ஒரு எண்ணைக்கூட மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் எத்தனை மணிக்கு அளக்கிறீர்கள்? அவர்கள் எத்தனை மணிக்கு?

எட்டாம் வகுப்பு மிஸ்:

நாங்கள் காலை முதல் வகுப்பில், எட்டரை மணி இருக்கும். அவர்களுக்குக் கடைசி வகுப்பு, அவர்கள் நேரப்படி மதியம் இரண்டரைக்கு மேல். இது அட்டவணையில் இல்லை ஐயா. தேதி மட்டும்தான் எழுதுகிறோம்.

தண்ணீர் ஆய்வகம்:

அப்படியானால் இரண்டு பக்கமும் சரியாகவே அளந்திருக்கலாம்.

இரவு முழுக்கக் குளத்தில் உள்ள பாசி, செடி, மீன், நுண்ணுயிர் எல்லாம் மூச்சு விடுகின்றன. ஆக்சிஜன் செலவாகிறது, கரியமில வாயு சேர்கிறது. அது நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது, பிஎச் இறங்குகிறது. வெயில் ஏறியதும் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது. கரியமில வாயுவை உறிஞ்சி ஆக்சிஜனை விடுகிறது. பிஎச்சும் ஆக்சிஜனும் சேர்ந்தே ஏறுகின்றன. விடியற்காலையில் மிகக் குறைவு, பிற்பகலில் உச்சம். பாசி மண்டிய குளத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அவர்களுடைய 11 என்பது, 22 டிகிரி தண்ணீராக இருந்தால், காற்றோடு சமநிலையில் நிற்கும் அளவான 8.7-ஐத் தாண்டியது. அவர்கள் குளம் பச்சையாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

கிட்டையும் சோதித்துவிடுங்கள், சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது. பாதி பாட்டில் சுத்தமான தண்ணீரை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றி, குமிழி அடங்கியதும் ஆக்சிஜன் அளங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் 25 டிகிரியில் 8.3 அருகே வர வேண்டும், 30 டிகிரியில் 7.5. மலைப்பகுதி என்றால் இன்னும் குறையும். பிஎச்சைச் சரிபார்க்க, பிஎச் 7-ம் 10-ம் உள்ள தாங்கல் கரைசல், அதாவது பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல், போதும். கிட்டில் உள்ள ரீஏஜெண்டின் (சோதனை மருந்தின்) காலாவதித் தேதியைப் பாருங்கள். குப்பியை நிரப்பும்போது உள்ளே ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. விங்க்ளர் முறை எனப்படும் இந்த ஆக்சிஜன் சோதனையில் அதிகம் தவறு நடப்பது அங்கேதான்.

இதே பரிசோதனையை அந்தப் பள்ளியும் அதே வாரத்தில் செய்யட்டும். உங்களை மட்டும் சோதிப்பது நியாயம் இல்லை.

நிழல்கோல்:

நேரம் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரு நாட்டிலும் கடிகாரம் ஒரே மணி காட்டுவதால் பயன் இல்லை, சூரியன் ஒரே நிலையில் இருக்க வேண்டும். மாணவர்கள் சுற்றுச்சூழலை அளந்து பகிரும் திட்டம் ஒன்று உண்டு, 1995 முதல் நடக்கும் நாசாவின் குளோப். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே காற்றின் வெப்பநிலை போன்றவற்றை உள்ளூர் சூரிய நண்பகலை ஒட்டித்தான் எடுக்கச் சொல்கிறார்கள். யார் எடுத்தாலும் முறை ஒன்றே. அந்த ஒழுங்கு இல்லாமல் இரண்டு அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

நான் எந்தப் புதுப் பள்ளியோடு கூட்டு வைத்தாலும் முதல் வேலை எரட்டோஸ்தனீஸ் சோதனைதான், நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடுவது. இரு பள்ளியிலும் 1 மீட்டர் கோல் நட்டு, ஒரே நாளில் அவரவர் நண்பகலில், நிழல் மிகச் சிறியதாகும் கணத்தில் அளப்பது. நிழல் ஒரு பக்கம் 36.4 செ.மீ. என்றால் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. மறுபக்கம் 57.7 என்றால் 30 டிகிரி. நிழல்கள் ஒரே திசையில் விழுந்தால் கழிக்க வேண்டும், எதிரெதிர் என்றால் கூட்ட வேண்டும். வித்தியாசம் 10 டிகிரி, வடக்கு தெற்கு தூரம் 1,111 கி.மீ. என்றால், முழு வட்டம் 360 டிகிரி என்பதால், பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. அந்த 57.7-ஐ யாராவது 58.7 என்று படித்துவிட்டால் பூமி 1,500 கி.மீ.க்கு மேல் சுருங்கிவிடும். கோல் செங்குத்தாக நிற்கிறதா என்று பிறகு நாம் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளே தூக்குநூல் கட்டிப் பார்க்கிறார்கள். ஒரு பள்ளி மட்டும் செய்து இந்த விடையைப் பெற முடியாது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் எண் நமக்குத் தேவைப்படுகிறது. அதனால் அவமதிக்கத் தோன்றாது.

விதைப்பெட்டி:

கூட்டு வளர்ந்தால் "மண் அனுப்புங்கள், விதை அனுப்புங்கள்" என்று பேச்சு வரும். ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். பெரும்பாலான நாடுகளில் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் தடுக்கின்றன, பூச்சியும் நோயும் அதோடு பயணம் செய்யும். அளவும் படமும் போதும். பிள்ளைகள் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோர் ஒப்புதல் எழுத்தில் வேண்டும்.

எட்டாம் வகுப்பு மிஸ்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி கிட்டைச் சோதித்தோம், 27 டிகிரியில் 7.9 வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பெற்றோர் சிலரோடு காலை ஆறு மணிக்கே குளக்கரைக்குப் போய், மாலை நான்கு வரை இரண்டு மணிக்கொரு முறை அளந்தோம். பிஎச் 6.9-இல் தொடங்கி 8.2 வரை ஏறியது. ஆக்சிஜன் 3.4-இலிருந்து 8.8. நம்பரை மாற்றலாமா என்று கேட்ட அதே பெண்தான் வரைபடம் போட்டாள். பன்னிரண்டு மணிப் புள்ளியை வைக்கும்போதே, "மிஸ், ஏறுது, ஏறுது" என்று கத்தினாள்.

வரைபடத்தை அனுப்பினோம். அந்த ஆசிரியர் தன் வகுப்பின் முன்னிலையில் எங்கள் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்தார். அதற்காக அவரை மனதார மதிக்கிறேன். அவர்களும் விடியலில் போய் அளந்தார்கள்: பிஎச் 7.6, ஆக்சிஜன் 5. இப்போது அட்டவணையில் நேரம், வானநிலை, அளந்தவர் பெயரின் முதலெழுத்து மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் விடியலில் எங்களுக்கு 6.9, அவர்களுக்கு 7.6. இது ஏன் என்று இரு வகுப்பும் கேட்கிறார்கள். காரத்தன்மையை, அதாவது அமிலம் சேர்ந்தாலும் பிஎச் இறங்காமல் தாங்கும் திறனை, அளந்தால் தெரியுமா ஐயா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யக்கூடியதா?

தண்ணீர் ஆய்வகம்:

செய்யலாம். சொட்டு எண்ணும் கிட் கிடைக்கும், நிறம் மாறும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணினால் போதும். சுண்ணாம்புப் பாறை உள்ள நிலத்துத் தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருக்கும். அவர்கள் குளத்தின் அடியில் என்ன பாறை என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள், உங்கள் குளத்தை நீங்கள் தேடுங்கள். சொட்டு மருந்தில் நீர்த்த அமிலம் உண்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரே குப்பியில் எடுத்த நீரை மூன்று பேர் தனித்தனியே அளந்து, மூன்று எண்ணையும் எழுதுங்கள்.