லெசோத்தோப் பாடகர் குழுவோடு ஆறு வாரம்

பதினாறு வயதிலிருந்து மேடையில் வயலின் வாசிக்கிறேன். பெரும்பாலும் பக்கவாத்தியம்தான். பாடுகிறவரைக் கேட்டு அவர் பின்னால் போவதே என் தொழில் என்பதால், கேட்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். 2018 ஜூன், ஜூலையில் லெசோத்தோவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவோடு ஆறு வாரம் இருந்தபோதுதான் கேட்பதில் எனக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருப்பது புரிந்தது. வெளிநாட்டுக் கலைஞர்களோடு வாசித்த அனுபவம் என்றால் நம்மவர்கள் ஜாஸ், ஃப்யூஷன் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். பாடகர் குழுவோடு வாசித்ததை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லெசோத்தோ நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு. அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என் அக்கா கணவர் தலைநகர் மசேருவில் கணக்கு ஆசிரியர். அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் மொரிஜா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாடகர் குழு நடத்துகிறார். மசேருவிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர். "உன் மைத்துனன் வயலின் வாசிப்பானாமே, வரச் சொல்" என்று அவர் கேட்டதாக அத்தான் போனில் சொன்னார். எனக்குக் கச்சேரி இல்லாத மாதங்கள். கிளம்பிவிட்டேன்.

ஜூன் அங்கே கடுங்குளிர் காலம். காற்றில் ஈரமே கிடையாது. போய் இறங்கிய இரண்டாம் நாள் பெட்டியைத் திறந்தால் நான்கு தந்தியும் தொளதொளவென்று கிடந்தன. மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடைகள் பிடி விட்டிருந்தன. சாக்பீஸ் பொடி தடவி ஒருவழியாக நிற்க வைத்தேன். ஆறு வாரமும் வாசிப்பதற்கு முன் கால் மணி நேரம் இதற்கே போனது.

குழுவில் முப்பது பேர் இருப்பார்கள். பள்ளி ஆசிரியைகள், ஒரு நர்ஸ், டாக்ஸி ஓட்டுநர், தையல்காரர், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஆண்களை எல்லோரும் 'ந்தாத்தே' என்கிறார்கள், அப்பா என்று பொருள். பெண்களை 'ம்மே', அம்மா. வயது வித்தியாசம் பார்ப்பதில்லை, நாம் ஐயா, அம்மா என்பது போலத்தான். என்னையும் முதலில் ந்தாத்தே என்றார்கள். மூன்றாம் வாரத்தில் அது 'அபூட்டி' ஆகிவிட்டது. அண்ணன் என்பது போன்ற சொல் அது.

முதல் ஒத்திகையில் என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஐந்து கோடு போட்ட மேற்கத்திய இசைக்குறிப்பாக இருக்கும், தட்டுத் தடுமாறிப் படிக்க வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். தாளில் கோடே இல்லை. டோ, ரே, மீ, ஃபா, ஸோ, லா, டீ ஆகியவற்றின் முதலெழுத்துகள் வரிசையாக, நடுநடுவே புள்ளியும் கமாவும். நம் ஸ ரி க ம புத்தகம் மாதிரியே! இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி, ஜான் கர்வன் 1840களில் செப்பனிட்ட ஸோல்ஃபா முறை இது. மிஷனரிகளோடு ஆப்பிரிக்கா வந்தது. சாதாரண அச்செழுத்தும் நிறுத்தற்குறிகளும் இருந்தால் போதும், பாட்டை அச்சடித்துவிடலாம். மொரிஜாவில் அச்சகம் அப்போதே இருந்தது. 'லெசெலின்யானா' என்ற செசோத்தோ மொழிச் செய்தித்தாளை மபீய் என்ற மிஷனரி அங்கிருந்துதான் 1863இல் தொடங்கினார். பிற்பாடு ஜே. பி. மோஹாபெலோவா என்ற, லெசோத்தோவின் பசோத்தோ இன இசையமைப்பாளர், தன் மொழியில் தானே போட்ட பாட்டுகளை இந்த எழுத்துகளிலேயே எழுதி 1935இல் மொரிஜாவில் புத்தகமாக வெளியிட்டார். நாங்கள் ஒத்திகை பார்த்த பாட்டுகளில் இரண்டு அவருடையவை.

இதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. அவர்களுடைய டோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. எந்தச் சுருதியில் பாட்டைத் தொடங்குகிறார்களோ அதுதான் டோ, நம் ஸட்ஜம் போலவே. டோவிலிருந்து டீ வரை பாடினால் அப்படியே நம் சங்கராபரண ராகம். சோகப் பாட்டு வந்தால் டோவை நகர்த்தாமல் லாவை வீடாக வைத்துக்கொள்கிறார்கள். சங்கராபரணத்தில் தைவதத்தை, அதாவது அந்த லாவை, ஸட்ஜமாக்கினால் நடபைரவி வரும், இல்லையா? கிரக பேதம் என்று நாம் மேடையில் செய்து கைதட்டல் வாங்குவதை அந்தத் தையல்காரர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு சர்வசாதாரணமாகப் பாடிவிட்டுப் போகிறார்.

ஆனால் கமாவில் மாட்டிக்கொண்டேன். நம் குறிப்பில் சுரத்துக்குப் பின் கமா வந்தால் ஓர் அட்சரம் நீட்ட வேண்டும். அங்கே கமா ஒரு தாளத் தட்டைக் கால் பங்காக வெட்டுகிற குறி. அவர்கள் சட்டென்று தாவுகிற இடத்திலெல்லாம் நான் நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தேன். குழு நடத்துகிற ந்தாத்தே நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்து, பென்சிலால் கமாவைத் தொட்டு, மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். நான் எங்கள் கமா எப்படி என்று சொன்னேன். அவர் கண் விரிந்தது. "உங்களிடமும் எழுத்தா?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஒத்திகை அரைமணி நேரம் தாமதம். ஒரு கீர்த்தனையின் பல்லவியை ஸ ரி க ம என்று சொல்லி, நம் மேல் புள்ளி, கீழ்ப் புள்ளி எல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவர்கள் அதைத் தங்கள் எழுத்துக்கு மாற்றி உடனே பாடினார்கள். அசைவு இல்லாமல், ஆனால் சுரம் பிசகாமல்.

வயலினை ஏன் இப்படிக் காலில் சாய்த்து வாசிக்கிறாய் என்றும் கேட்டார்கள். இது எங்கள் ஊருக்கும் வெளியிலிருந்து வந்ததுதான், சென்னையில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று எங்கள் சங்கீதத்துக்கு வளைத்துக்கொண்டார், இருநூறு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். அந்தச் சுரங்கக்காரப் பெரியவர் ஸோல்ஃபாத் தாளை உயர்த்திக் காட்டித் தலையாட்டினார்.

அவர்கள் நின்று பாடுவார்கள். நான் தரையில் உட்கார்ந்துதானே வாசிக்க முடியும்? தேவாலயத்தின் மரத் தளம் சில்லென்று இருந்தது. ஒரு ம்மே தன் போர்வையை எடுத்து எனக்கு விரித்தார். பசோத்தோ மக்களின் கம்பளிப் போர்வை பெயர் பெற்றது, சட்டைக்கு மேல் தோளில் போட்டு ஊக்கு குத்திக்கொள்வார்கள். அவர் குளிரில் நிற்கிறாரே என்று மறுத்தேன், கேட்கவில்லை. அப்படி முன்வரிசையில் உட்கார்ந்ததில் முப்பது ஜோடிக் காலணிகள் என் கண் மட்டத்துக்கு வந்தன. கையில் தாளம் போடுகிறவர் அங்கே யாரும் இல்லை. இடது கால், வலது கால் என்று மொத்தக் குழுவும் சாய்கிறது. அந்த எடை தரைப்பலகை வழியாக என் தொடைக்கு வந்து சேரும். இரண்டாம் வாரத்திலிருந்து நான் தாளை விட்டுவிட்டுக் காலணிகளைப் பார்த்து வாசித்தேன். ஆல்டோ வரிசையில், அதாவது பெண்களின் தாழ்குரல் வரிசையில், ஒரு பழுப்புச் செருப்பு இருந்தது. அதன் குதிகால் எழும்பினால் அடுத்த அடி வருகிறது என்று அர்த்தம், ஒருநாளும் தப்பவில்லை.

அப்புறம் சுருதி. இதுதான் பெரிய விஷயம். குழு நடத்துகிறவர் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, நாலு பிரிவுக்கும் சுரம் கொடுப்பார். அதோடு சரி. சுருதிப்பெட்டி, தம்புரா, ஆர்கன் எதுவும் கிடையாது. மூன்று பக்கப் பாட்டு முடிவதற்குள் மொத்தச் சுருதியும் மெல்ல இறங்கிவிடும். சில நாள் கால் சுரம், சில நாள் அரைச் சுரம். முதலில் எனக்கு இது தாங்கவில்லை. நம் வயலினில் ஸட்ஜமும் பஞ்சமமும் விரல் வைக்காமல் ஒலிக்கும் திறந்த தந்தி, அது எங்கேயும் போகாது. பாட்டின் முடிவில் என் ஸட்ஜம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருநாள் பொறுக்காமல் சொல்லியும் விட்டேன். ந்தாத்தே இசைக்கவையைத் தட்டிப் பார்த்தார். "ஆமாம், இறங்கியிருக்கிறது. இன்றைக்குக் குளிர் அதிகம்" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு அத்தான் வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்களுக்குள் சுருதி துளிகூடக் கலையவில்லை. மேல்குரலான ஸோப்ரானோவுக்கும் கீழ்க்குரலான பாஸுக்கும் நடுவில் ஊசி போக இடமில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு சேர்ந்தே இறங்குகிறார்கள். கேட்காமல் இருந்தது நான் ஒருவன்தான். மறுநாள் தந்திகளை ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிக் கட்டினேன். அப்போது அவர்களுடைய டோ திறந்த தந்தியில் விழாமல் என் விரலடியில் வந்தது, வழக்கமாக ரிஷபம் பிடிக்கிற இடத்தில். அவர்கள் இறங்க இறங்க விரலையும் மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்கு நகர்த்தினேன். முப்பது வருஷ விரல் பழக்கத்தை மாற்றுவது லேசில்லை. கை வலித்தது. ஆனால் அன்றைக்குத்தான் பாட்டு முடிந்ததும் டாக்ஸிக்கார ந்தாத்தே என் தோளைத் தட்டினார்.

நான்காம் வாரம் குழுவில் ஓர் அம்மாவின் அண்ணன் இறந்துபோனார். அங்கே அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை. வெள்ளி இரவு முழுக்க விழித்திருந்து பாடுவார்கள். வயலினை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம், நீ மட்டும் வா என்றார்கள். முற்றத்தில் கூடாரம். ஆட்கள் போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தாள் இல்லை, நடத்துகிறவர் இல்லை. யாருக்கு நெஞ்சு முட்டுகிறதோ அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு வரியை எடுப்பார். இரண்டாம் வரிக்குள் நாலு குரலும் தானே பிரிந்து நிற்கும். ஒருவர் எழுந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டே போனால் ஓர் ஓரத்திலிருந்து பாட்டு கிளம்பும். பேசினவரும் அதிலேயே சேர்ந்துகொள்வார்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுரங்கக்காரப் பெரியவர் என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் வெல்கம் நகரத்துத் தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பாஸ் பாடக் கற்றது அங்கே தொழிலாளர் விடுதியில். என் காதருகில் ஒரு சுரம் கொடுத்தார். டோ. அதையே பிடித்துக்கொள் என்று சைகை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து முழங்கையால் இடித்து ஸோ என்றார். மறுபடி இடித்தார், டோ. ராத்திரி பூராவும் எனக்கு இந்த இரண்டே சுரம், ஸட்ஜமும் பஞ்சமமும். எனக்கு யாராவது தம்புரா போட்டுத்தான் பழக்கம். அந்த இரவு ஒரு வீட்டின் துக்கத்துக்கு நான் தம்புராவாக இருந்தேன். பாதி ராத்திரிக்கு மேல் சுருதி எவ்வளவு இறங்கியிருக்கும் என்று தெரியாது, நானும் கூடவே இறங்கியிருந்தேன். விடிகிற நேரத்தில் இறந்தவரின் தங்கை பெட்டிப் பக்கத்திலிருந்து தழுதழுத்த குரலில் ஒரு வரி எடுத்தார். பெரியவர் இந்தத் தடவை இடிக்கவில்லை. எப்போது மாற வேண்டும் என்று எனக்கே கேட்டது.

ஜூலைக் கடைசியில் தேவாலயத்துக் கூரை நிதிக்காகக் கச்சேரி. ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹாண்டலின் பாட்டு ஒன்று, மோஹாபெலோவா இரண்டு, கடைசியில் எங்கள் சேர்க்கை. பெண்கள் வயல்வேலையில் பாடும் பழைய பாட்டு ஒன்றை எனக்குப் பாடிக் காட்டியிருந்தார்கள். டோ ரே மீ ஸோ லா, ஐந்தே சுரம். மோகனம்! ஒருவர் வரி எடுக்க மற்றவர்கள் பதில் பாட, நடுவே நான் ஆலாபனை செய்வது என்று ஏற்பாடு. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி ஏறும் ஜாருவை ந்தாத்தே கேட்டுவிட்டு, தன் தாளில் ரேவுக்கும் மீக்கும் நடுவில் பென்சிலால் ஒரு சாய்ந்த கோடு இழுத்துக்கொண்டார். அவர்கள் அச்செழுத்தில் இதற்குக் குறி இல்லையாம். ஆல்டோக்கள் நாலு நாள் அதையே பழகினார்கள்.

மேடையில் நான் தார ஸ்தாயி ஸட்ஜத்தில் போய் நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு ம்மே குலவையிட்டார். நம் ஊர்த் திருவிழாவில் கேட்கிற அதே குலவை. உடனே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு மேலே வாசிக்க ஓடவில்லை. அந்த ஒரே சுரத்தில் வில்லை இழுத்துக்கொண்டே இருந்தேன், பழுப்புச் செருப்பின் குதிகால் எழும்பும் வரை.

போர்வையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். சென்னை வெயிலுக்கு அது எதற்கு? சாதகம் செய்யும்போது விரித்து உட்காருகிறேன்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. அந்த மோகனப் பாட்டு. ஆலாபனை வர வேண்டிய இடத்தில் எனக்காக அப்படியே காலியாக விட்டுப் பாடியிருந்தார்கள், காலடி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட அரைச் சுரம் இறங்கியிருந்தது. தந்திகளைத் தளர்த்தி, ஸட்ஜத்தை விரலடிக்குக் கொண்டுவந்து, பதிவை முதலிலிருந்து ஓட விட்டுக் கூடவே வாசித்தேன்.