என் நாவலின் பிடிஎஃப் இலவசமாகச் சுற்றுகிறது: சட்டத்தில் வழி உண்டா, படித்தவர்களிடமிருந்து எனக்கு ஏதேனும் வந்து சேருமா?

கரிசல்மண் (கேள்வி)

வணக்கம். 2016ஆம் ஆண்டில் என் முதல் நாவல் ஒரு சிறு பதிப்பகத்தின் வழியாக 220 ரூபாய் விலையில் வெளிவந்தது. தலா 500 பிரதிகள் வீதம் இரண்டு பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன. முதல் பதிப்புக்கு மட்டும் 10 சதவீதக் கணக்கில் 11,000 ரூபாய் ராயல்டி கிடைத்தது. நான்கு ஆண்டுகளாக நூல் கடைகளில் இல்லை. சென்ற வாரம் நண்பர் ஒருவர், நாவல் முழுவதும் பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டு, ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் உள்ள ஒரு செயலிக் குழுவில் பகிரப்பட்டிருப்பதைக் காட்டினார். 47ஆம் பக்கத்தில் வருடியவரின் கட்டைவிரலும் பதிவாகியிருக்கிறது. அவரைச் சிறைக்கு அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தக் கோப்பை நீக்கச் சட்டப்படி நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும், அதைப் படித்து மகிழ்ந்தவர்கள் விரும்பினால் எனக்கு உரியதைத் தருவதற்கு நேரான வழி ஏதும் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். நூலின் பதிப்புரிமையை நான் எங்கும் பதிவு செய்யவில்லை.

வழக்குரைஞர் மேசை

பதிவு செய்யாதது குறையில்லை ஐயா. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. 500 ரூபாய் கட்டணத்தில் பெறும் பதிவு, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் சுமையைக் குறைக்கும் ஒரு சான்று, அவ்வளவே.

குற்றவியல் வழியில் போனால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தக் குற்றம் பிணையில் விடத்தகாதது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதவருக்கு, தகுந்த காரணங்களைப் பதிவு செய்து, தண்டனையைக் குறைக்க அதே பிரிவு இடமளிக்கிறது. உங்கள் கட்டைவிரல்காரர் ஒருவேளை அந்த வகையினராக இருக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்காக நகலெடுத்தேன் என்று மட்டும் அவர் வாதிட முடியாது; ஒன்பதாயிரம் பேருக்குப் பகிர்வது எந்தக் கணக்கிலும் சொந்தப் பயன்பாடு ஆகாது.

உங்கள் நோக்கத்துக்குப் பொருத்தமானது 52(1)(இ) பிரிவும் 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆம் விதியும். நூலின் விவரம், உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கான சான்று, கோப்பு இருக்கும் இணைப்பு ஆகியவற்றுடன் அந்தச் செயலி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினால், அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தத் தடை 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் கோப்பை மீண்டும் திறந்துவிடலாம், வழக்குத் தொடுப்பேன் என்ற உறுதிமொழியையும் புகாரிலேயே நீங்கள் தர வேண்டும். ஒரே ஆறுதல், 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.

நீங்கள் குறிப்பிடும் செயலி எதுவென்று எனக்குத் தெரியாது. எனினும் பயிற்சி நூல்கள் எழுதிய நீத்து சிங் என்பவர் டெலிகிராம் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் படித்துப் பாருங்கள். தன் சேவையகங்கள் சிங்கப்பூரில் இருப்பதாலும் அந்நாட்டுத் தரவுச் சட்டத்தாலும் பயனர் விவரங்களைத் தர இயலாது என்று நிறுவனம் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஏற்கவில்லை. குழு நடத்தியவர்களின் தொலைபேசி எண்களும் ஐபி முகவரிகளும் பின்னர் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

அச்சுமை

பத்து ஆண்டுகளாகச் சிறு பதிப்பகம் நடத்துகிறேன். முன்னவர் சொன்னது சரி, ஆனால் 220 ரூபாய் நூலுக்காக எந்த எழுத்தாளர் 21 நாளில் நீதிமன்றப் படியேறுவார்? திரைப்படத்துக்கென்றால் அரசு ஓடி வருகிறது. 2004இல் தமிழக அரசு திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023இல் நாடாளுமன்றம் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. புகார்களைப் பெற்று 48 மணி நேரத்தில் இணைப்புகளை நீக்கச் செய்வதற்குப் பன்னிரண்டு அலுவலர்களையும் அமர்த்தினார்கள். நாவலுக்கு அப்படி ஓர் அலுவலர்கூட இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. நூல் கடையில் இல்லாமல் நான்கு ஆண்டுகள் கிடந்தால், தேடுகிற வாசகர் பிடிஎஃப் பக்கம்தான் போவார். முன்பெல்லாம் 500 பிரதிகள் அச்சிட்டுக் கட்டிவைக்கப் பணம் வேண்டும் என்ற சாக்கு செல்லுபடியானது. தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறையில் முப்பது பிரதிகள்கூட அச்சிட முடிகிற இந்நாளில் அது செல்லாது. இரண்டாம் பதிப்பின் ராயல்டியைத் தராத பதிப்பாளர் திருட்டு நகலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்பது என் கருத்து, துறைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

பனிவயல்

டொராண்டோவில் வசிக்கிறேன். கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன், இத்தகைய குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். நூலின் விலையைவிட அஞ்சல் செலவு பல மடங்கு என்பது ஒரு காரணம். இன்னொன்று பழக்கம். கல்கி போன்றோரின் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், 1998 முதல் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் வலையேற்றிவரும் பழந்தமிழ் நூல்களையும் இலவசமாகவும் முறையாகவும் படித்துப் பழகிய கண்ணுக்கு, அதே குழுவில் அடுத்த வரிசையில் கிடக்கும் உயிரோடிருப்பவரின் நாவலும் அப்படிப்பட்டதாகவே தோன்றிவிடுகிறது. ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பதை நான் அறிந்ததே அண்மையில்தான்.

நான் வாழும் இந்த நாட்டில் 1986 முதல் ஒரு திட்டம் நடைமுறையில் உள்ளது. பொது நூலகங்களில் நூல் இருப்பதற்காக எழுத்தாளருக்கு ஆண்டுதோறும் அரசு ஒரு தொகை அனுப்புகிறது. பிரிட்டன் இதற்கென 1979இல் தனிச் சட்டமே இயற்றியது; டென்மார்க் 1946லேயே தொடங்கிவிட்டது. கனடாவின் தொகை கனடியர்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே என்பதால் கரிசல்மண் ஐயாவுக்கு இதனால் பயனில்லை. ஆனால் பொது நூலகங்களுக்காக அரசு நூலக ஆணையில் ஒரு முறை வாங்குவதோடு கணக்கு முடிந்துவிடும் தமிழ்நாட்டில், எழுத்தாளர் அமைப்புகள் இதை ஏன் கேட்பதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. மின்னூல் இருந்தால் இன்றே வாங்குவேன்.

கரிசல்மண்

மூவருக்கும் நன்றி. மின்னூல் வெளியிட எனக்கு உரிமை இருக்கிறதா என்பதே ஐயமாக உள்ளது. பதிப்பாளருடன் நான் எதிலும் கையெழுத்திடவில்லை. புத்தகக் காட்சி அரங்கில் தேநீர் குடித்தபடி பேசி முடித்ததுதான்.

வழக்குரைஞர் மேசை

அந்தத் தேநீர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறது. 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, உரிமையாளரோ அவரது முகவரோ கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே செல்லும். எனவே அச்சு, மின்னூல், மொழிபெயர்ப்பு அனைத்தும் உங்களிடமே இருக்கின்றன. இனிக் கையெழுத்திடும்போது கவனமாக இருங்கள்: காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாத வரை, அது காலாவதியாகிவிடும். ராயல்டி எவ்வளவு, எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்பதையும் எழுதிப் பெறுங்கள்.

கரிசல்மண்

நேற்று பதிப்பாளரிடம் பேசினேன். இரண்டாம் பதிப்புக்கான தொகையை இரு தவணைகளில் தருவதாக ஒப்புக்கொண்டு, மின்னூலை நானே வெளியிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். 120 ரூபாய் விலை வைக்க எண்ணுகிறேன். குழுவை நடத்துபவருக்குப் புகாருக்கு முன்பாக ஒரு கடிதம் எழுதினேன். கோப்பை நீக்கிவிட்டு, மின்னூல் வந்ததும் இணைப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறார். 112ஆம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதையும் தெரிவித்தார். திருத்திவிட்டேன்.